கடினமான பொருள்

வாழைப்பழம் தின்றதில் பல் கிளிப் உடைந்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தன் வாயிலேயே நடந்திராவிட்டால் குட்டியும் நம்பியிருக்க மாட்டாள். நன்றாகக் கனிந்த பழம். தோல் கறுத்து, உரிக்கும்போதே குழைந்து கையில் ஒட்டியது. பாதி தின்றுகொண்டிருக்கும்போது நாக்கில் ஏதோ மணல்போல நெருடியது. துப்பிப் பார்த்தால், உள்ளங்கையில் பழக்கூழுக்கு நடுவே அந்தச் சின்ன இரும்புச் சதுரம் பளபளவென்று கிடந்தது.

பல்லுக்கு ஒன்றாக ஒட்டி, எல்லாவற்றின் வழியாகவும் ஒரே கம்பியை ஓட்டிப் பல்வரிசையை இழுத்துப் பிடிப்பார்களே, அந்தச் சதுரங்களில் ஒன்று. டாக்டர் அதைப் பிராக்கெட் என்பார். வீட்டில் அதற்குப் பெயர் பொட்டு. கீழ்வரிசையின் முன்பல் பொட்டுதான் எப்போதும் விழும். விழுந்து, ஒட்டி, விழுந்து, ஒட்டி, இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைக் குட்டி நிறுத்திவிட்டாள். பிடியில்லாமல் போன கம்பி உதட்டின் உள்பக்கத்தைக் குத்த ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்திருந்த மெழுகில் ஒரு துணுக்கைக் கிள்ளி, உருட்டி, கம்பி நுனியில் அப்பிக்கொண்டாள். அந்த வேலையெல்லாம் இப்போது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும். வலியும் பெரிய விஷயமில்லை. இனி அப்பாவிடம் சொல்ல வேண்டுமே, அதுதான் பெரிய விஷயம்.

குட்டியின் அப்பாவுக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர் வேலை. மோதிக்கொண்ட வண்டிகளைப் பார்த்து, எந்த வண்டி எந்த வண்டியை இடித்தது, தப்பு யார்மேல் என்று சொல்ல வேண்டும். நசுங்கிய கதவையும் சாலையில் தேய்ந்த டயர்த் தடத்தையும் பார்த்தே ஓட்டியவன் கண்ணயர்ந்தானா, கைப்பேசியைப் பார்த்தானா என்று சொல்லிவிடுவார் என்று ஆபீசில் அவருக்குப் பேர். நல்ல பேர்தான். அந்தப் பேரை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவார். டம்ளர் உடைந்தால் விசாரணை, சாவி தொலைந்தால் விசாரணை, பால் பொங்கி வழிந்தால் அடுப்படியில் யார் எங்கே நின்றார்கள் என்று விசாரணை. "எதுவும் தானா நடக்காது. யாரோ ஒருத்தர் செஞ்சாத்தான் நடக்கும்" என்பது அவருடைய வேதவாக்கு.

அன்று மாலை சாப்பாட்டு மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் நடுவில் பொட்டை வைத்தார். டார்ச்சு அடித்துப் பார்த்தார். இடுக்கியால் புரட்டிப் பார்த்தார். இரண்டு கோணத்தில் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

"என்ன கடிச்சே?"

"வாழைப்பழம்ப்பா."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

"மத்தியானம்?"

"சொன்னேனேப்பா, ரொட்டி. பால்ல ஊறவெச்சது."

"சரி. மத்தியானத்துக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவுல?"

இதே கேள்வியை அப்பா முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் கேட்பார். லாரி டிரைவர்களிடம் அப்படித்தான் கேட்பாராம். பொய் சொல்கிறவன் பின்னாலிருந்து சொல்லும்போது உளறிவிடுவானாம். குட்டி உளறவில்லை. உளறாததும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"நல்லா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கே" என்றார்.

கோபம் வந்தால் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவார்கள். பாவம், குட்டிக்கு அந்த வசதியும் இல்லை.

"உடைஞ்ச விதமே சொல்லுது" என்று அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார். "மேலேர்ந்து கீழ அடி விழுந்திருக்கு. கடினமான பொருள். சந்தேகமே இல்ல."

இந்த வீட்டில் குட்டி செய்த ஒரே முட்டாள்தனம், முதல் தடவை உண்மையைச் சொன்னது. கிளிப் போட்ட புதிதில், தோழி கொடுத்த மிட்டாயைக் கடக்கென்று கடித்து ஒரு பொட்டை உடைத்துக்கொண்டாள். அதை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தானே வந்து சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் அவள் பாட்டுக்கு நல்ல பிள்ளையாக இருந்திருப்பாள். அந்த மிட்டாய் அன்றிலிருந்து அவள் கழுத்தில் தொங்குகிறது. அதற்கப்புறம் கொட்டை, மொறுமொறுப்பான எதுவும், பனிக்கட்டி, ஏன், ஆப்பிளைக்கூட அவள் தொடவில்லை. பேனா மூடியைக் கடிக்கிற பழக்கத்தையும் விட்டாள். யாருக்கு அக்கறை? "இதுக்கு முன்னாடி ஒருதரம் செஞ்சிருக்கியே" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாம் அடிபட்டுப் போனது.

அம்மா ஜன்னல் திரை தைக்கும் கடையில் நாள் முழுக்க மிஷினை மிதித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுக்குச் சண்டை பிடிக்காது. குட்டி அடுப்படிக்கு வந்தபோது பின்னாலேயே வந்து அவள் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். அப்பா இத்தோட விட்டுடுவார்" என்றாள்.

"செய்யாததை எப்படிம்மா ஆமான்னு சொல்றது?"

"வீடு நிம்மதியா இருக்கும்ல."

அப்பாவின் விசாரணையைவிட அம்மாவின் இந்த வார்த்தைதான் குட்டிக்கு அதிகம் சுட்டது. அப்பா அவளைப் பொய்க்காரி என்று நினைக்கிறார். அம்மா அப்படி நினைக்கக்கூட இல்லை. மகள் பொய்க்காரியாக இருந்துவிட்டுப் போகட்டும், சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் என்கிறாள். இரண்டில் எது மோசம் என்று யோசித்தபடி குட்டி அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் கிளினிக்கில் பல் டாக்டர் வழக்கம்போலப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். நல்ல மனுஷன், சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசமாட்டார். அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருநாளாவது குனிந்து, ஏன் இது மட்டும் விழுகிறது என்று பார்த்தாரா? "ஆ காட்டு" என்பார். பழைய பசையைச் சுரண்டுவார், புதுப் பசையை வைப்பார், நீல வெளிச்சம் அடிப்பார், முடிந்தது. அவர் கவனமெல்லாம் அப்பாவோடு பேசுவதில்தான்.

"என்ன சார், மறுபடி வேலையக் காட்டிட்டாளா?"

"வாழைப்பழமாம் டாக்டர்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "போன வாரம் ஒரு பையன் தண்ணி குடிச்சேன், உடைஞ்சிடுச்சுன்னான். இந்த வயசுல எல்லாம் இப்படித்தான் சார். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கணும்."

வாய்க்குள் உறிஞ்சுகுழாயும் பஞ்சும் அடைத்திருக்கிற ஒருத்தியைப் பற்றி, அவள் தலைக்கு மேலேயே, அவள் இல்லாததுபோலப் பேசிச் சிரிக்கலாம். பதில் வராது என்று தெரியும் அல்லவா? குட்டி கூரையில் இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அதையும் வலி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

டாக்டரின் விளக்கெண்ணெய் யோசனை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. வீட்டில் அவள்மேல் கண் வைக்க அவரே இருக்கிறார். அப்படியானால் குற்றம் பள்ளிக்கூடத்தில்தானே நடக்க வேண்டும்? வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டார். "எம் பொண்ணு உங்ககிட்டயும் உண்மைய சொல்லமாட்டா டீச்சர். மத்தியானம் கொஞ்சம் உங்க பக்கத்துலயே உக்கார வெச்சு சாப்பிட வைங்க" என்றார். மகள் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் பேசினார்.

அன்று முதல் குட்டியின் மத்தியானச் சாப்பாடு டீச்சர்கள் அறைக்கு மாறியது. தோழிகள் எல்லோரும் விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கையை விட்டுச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். குட்டி மட்டும் திருத்தாத தாள்கட்டுகளுக்கும் ஆறிப்போன டீக் கோப்பைகளுக்கும் நடுவே, மேசை நுனியில் டப்பாவை வைத்து, மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் எடுத்து விழுங்குவாள். கணக்கு டீச்சர் வருவார், "இவ எதுக்கு இங்க?" என்பார். வகுப்பு டீச்சர் சங்கடத்தோடு, "அவங்க அப்பா சொல்லியிருக்காங்க" என்பார். அடுத்து விளையாட்டு டீச்சர் வருவார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். பள்ளிக்கூடம் முழுக்கச் செய்தி பரவ வேறென்ன வேண்டும்? பரீட்சையில் காப்பி அடித்து மாட்டினாள் என்று ஒரு கதை. டப்பாவில் எதையோ திருடினாள் என்று இன்னொரு கதை. நெருங்கிய தோழியே ஒருநாள், "நிஜமா என்னதான்டீ செஞ்சே? எங்கிட்டயாவது சொல்லு" என்று கேட்டாள். குட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பு டீச்சரைக் குறை சொல்ல முடியாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தார். டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார், ஒவ்வொரு வாயையும் பார்ப்பார். அவருக்கே அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அடிக்கடி, "காரம் சரியா இருக்கா?" என்று அர்த்தமில்லாமல் எதையாவது கேட்பார்.

அப்படி அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான், மசித்த உருளைக்கிழங்கின் நடுவில், பொட்டு மறுபடியும் கழன்று விழுந்தது.

குட்டி அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளுக்கு வருத்தமே வரவில்லை. கூத்தாட வேண்டும் போல இருந்தது. டீச்சர் டப்பாவை எடுத்து, கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்தார். ஒரு மிளகுகூட இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. அங்கேயே, அப்போதே அப்பாவுக்குப் போன் போட்டார்.

"சார், நான் பாத்துட்டே இருந்தேன். உருளைக்கிழங்குதான் சாப்பிட்டா. குழந்தைக்கு ஊட்டறமாதிரி மசிச்சது. கடிக்கவே இல்ல, வாயை மூடினா, கழண்டு விழுந்துடுச்சு."

கண்ணால் கண்ட சாட்சி. அதுவும் டீச்சர். இதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? குட்டி போனையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பக்கம் அப்பா யோசிக்கக்கூட இல்லை.

"முன்னாடியே கடிச்சு ஆட்டம் குடுத்திருக்கும் டீச்சர். இப்ப விழுந்திருக்கு, அவ்வளவுதான். நீங்க பாத்தது கடைசி அடி. முதல் அடி வேற எங்கயோ."

டீச்சர் போனை வைத்துவிட்டுக் குட்டியைப் பார்த்தார். டப்பாவை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். உலகத்தில் இருக்கிற எல்லா டீச்சர்களும் வரிசையில் நின்று சாட்சி சொன்னாலும் அந்த மனுஷர் இன்னொரு முதல் அடியைக் கண்டுபிடிப்பார். இனி அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

மாலையில் கிளினிக்குக்குப் போகும் வழி முழுக்க அப்பா பேசிக்கொண்டு வந்தார், அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். போனால், பாட்டுப் பாடும் டாக்டர் லீவு. அவருக்குப் பதிலாகப் புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது, சிரிப்பே கிடையாது, கையுறையைப் போட்டுக்கொண்டே குட்டியைப் பார்த்தார்.

"இது எப்பவும் இவ கடினமா எதையாவது கடிச்சு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு குட்டியிடம், "வாயை மூடும்மா" என்றார்.

குட்டிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எல்லோரும் திற, நல்லாத் திற, இன்னும் திற என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மூடச் சொன்ன முதல் ஆள் இவர். டாக்டரம்மா மை தடவிய ஒரு மெல்லிய நீலக் காகிதத்தைப் பற்களுக்கு நடுவே நீட்டினார். "மெதுவா மூடு. திற. திரும்ப மூடு." காகிதத்தை எடுத்துவிட்டு, உதட்டை விலக்கிப் பார்த்தார். கைக்கண்ணாடி ஒன்றைக் குட்டியிடம் கொடுத்துக் காட்டினார். பொட்டு உட்கார்ந்திருந்த அதே இடத்தில், கீழ்ப்பல்லின் நட்டநடுவில், நீலமாக ஒரு புள்ளி.

"சார், இங்க வாங்க. இவ வாயை மூடறப்பல்லாம் மேல்பல்லு நேரா வந்து இந்த பிராக்கெட்டை இடிக்குது. எச்சில் முழுங்கினாக்கூட இடிக்கும். தூக்கத்துலயும் இடிக்கும். எத்தனை தரம் ஒட்டினாலும் விழத்தான் செய்யும்."

"கடினமான பொருள் பட்டாத்தான் இப்படி..." அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கடினமான பொருள்தான். அவளோட பல்லு."

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பின்பற்களைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். "இங்க பழைய நீலப் பசை கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கே. மேல்பல்லு வந்து இடிக்காம இருக்கப் பின்பல்லுமேல இந்தப் பசையில சின்னதா மேடு மாதிரி ஒரு கட்டி வெப்போம். இவளுக்கு வெச்சிருக்காங்க போலயே. யாரு எடுத்தது?"

குட்டியின் வாயில் கண்ணாடி இருந்தது. அவளால் பேச முடியாது. அறையில் பதில் தெரிந்த வேறு ஆள் ஒருவர்தான்.

நடந்தது இதுதான். கிளிப் போட்டபோது பாட்டு டாக்டர் பின்பற்கள்மேல் இரண்டு நீலக் கட்டி வைத்திருந்தார். அதோடு மெல்வது கஷ்டம், பேச்சும் கொஞ்சம் குழறியது. பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பழகவும் ஆரம்பித்திருந்தது. அப்பா பொறுக்கவில்லை. பெண் இளைத்துவிட்டாள் என்று நேரே கிளினிக்குக்குப் போய், "பல்லு நேராகறது இருக்கட்டும், பிள்ளை சாப்பிடணுமா வேண்டாமா? இப்பவே எடுங்க" என்று வரவேற்பறை அதிரக் கத்தினார். யாரையும் கடிந்து பேசாத டாக்டர், யாரிடமும் முடியாது என்றும் சொல்லமாட்டார். சுரண்டி எடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த முன்பல் பொட்டு விழ ஆரம்பித்தது. எடுக்கச் சொன்னவர் மறந்தார், எடுத்தவரும் மறந்தார். இருவரும் சேர்ந்து அவள் தின்னாத எதையோ தேடினார்கள்.

"அது... அவளால சாப்பிட முடியலன்னு..." அப்பா இழுத்தார். "டாக்டர்தான் எடுத்தார்."

"நீங்க கேட்டீங்களா?"

"சொன்னேன். சொல்லியிருப்பேன்."

டாக்டரம்மா மறுபடி குட்டியின் பக்கம் திரும்பினார். பின்பற்களில் புதிதாகக் கட்டி வைத்தார். அப்புறம் முன்பல்லைச் சுத்தம் செய்து, எதையோ தடவி, கழுவி, காற்றடித்துக் காய வைத்தார். ஈரம் பட்டால் பசை பிடிக்காது. இடுக்கியில் பொட்டை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

அப்போதுதான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். "சரி, விடுங்க டாக்டர். இனிமே யார் தப்புன்னு பேசி என்ன ஆகப்போகுது?"

குட்டி பட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"அய்யோ, ஈரமாயிடுச்சே" என்றார் டாக்டரம்மா. "ஆ காட்டும்மா."

குட்டி காட்டவில்லை. டம்ளர் உடைந்தால் யார் தப்பு, பால் பொங்கினால் யார் தப்பு என்று குடைந்தெடுத்த மனுஷர்! பள்ளிக்கூடத்துக்கே போன் போட்டு மகளைப் பொய்க்காரி ஆக்கியவர்! விரல் தன் பக்கம் திரும்பியதும், பேசி என்ன ஆகப்போகிறதாம். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"குட்டி, டாக்டர் நிக்கிறாங்கல்ல? வாயைத் திற."

"ம்ஹூம்."

"தவறு நடந்திருக்கு, இல்லேன்னு சொல்லல" என்றார் அப்பா, ஆபீஸ் குரலில். வாய் திறக்கவில்லை. "என் தரப்புலயும் கொஞ்சம் இருக்கலாம்." திறக்கவில்லை. எப்படிப் பூசி மெழுகினாலும் திறப்பதாக இல்லை. டாக்டரம்மா இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, சுழல் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். வெளியே காத்திருந்தவர்களின் இருமல் சத்தம் கேட்டது.

அப்பா நாற்காலிப் பக்கம் வந்து நின்றார். "நீ எதையும் கடிக்கலம்மா" என்றார், இந்தத் தடவை வீட்டுக் குரலில். "நீ நிஜத்தைத்தான் சொன்னே. நான்தான் நம்பல."

குட்டியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டி, அப்பாவின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்ணையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எண்ணைத் தேடி அழுத்தினார்.

"டீச்சர், குட்டியோட அப்பா பேசறேன். நாளைலேர்ந்து அவ சிநேகிதிங்களோடயே சாப்பிடட்டும்... இல்ல, அதில்ல... அவ பொய் சொல்லல டீச்சர். ஒருநாளும் சொல்லல. தப்பு என்னுது."

அமைதியான அறை. டீச்சரின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அதைத்தானே சார் மத்தியானமே சொன்னேன்?"

அப்பா போனைச் சட்டைப்பையில் வைத்தார். குட்டி நாற்காலியில் சாய்ந்து படுத்து, வாயை நன்றாகத் திறந்தாள்.